மார்ஸேல்ஸ் சவுக்காரம்

மார்ஸேல்ஸ் நகரத்தின் பெரிய ரயில் நிலையத்துக்கு ஸான் ஷார்ல் என்று பெயர். அது ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. நிலையத்தை விட்டு ஊருக்குள் இறங்க வேண்டுமானால் 104 படிகள் இறங்க வேண்டும். இருபது வருஷ காலம் உபாத்தியாயர் தொழில் பார்த்தவர்களுக்கு, எதைக் கண்டாலும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் எளிதில் விடுவதில்லை. நாமும் எண்ணிக்கொண்டே இறங்கினோம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கணக்கைவிட அந்தப் படிக்கட்டில் நம் கவனத்தைக் கவர்ந்தவை இரண்டு கற்சிலைகள். 1920-களில் படிக்கட்டைக் கட்டியபோது வைத்தவை. ஒரு புறத்துச் சிலைக்கு 'ஆசியக் குடியேற்ற நாடுகள்' என்றும், மறு புறத்துச் சிலைக்கு 'ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள்' என்றும் பெயர். இரண்டும் பெண் உருவங்கள். இரண்டும் சாய்ந்து படுத்திருக்கின்றன. மேலே ரயில் நிலையம், கீழே துறைமுகப் பட்டணம், நடுவில் இந்தப் பெண்கள்.

"அண்ணா, இவள் நம் பக்கத்துப் பெண்ணா?" என்று நம் இல்லாள் தன் தமையனாரைக் கேட்டாள்.

"அந்தக் காலத்தில் புதுச்சேரியும் இந்தக் கணக்கில்தான் இருந்தது, அம்மா. 1954 வரையில் இருந்தது," என்றார் நம் மைத்துனர்.

மைத்துனர் புதுவையில் பிறந்தவர், பிரெஞ்சுப் பிரஜை, நெடுங்காலமாக மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் உத்தியோகம் பார்க்கிறவர். அவர் பல வருஷங்களாக அழைத்துக் கொண்டிருந்ததன் பேரில், மே மாத விடுமுறையில் நாங்கள் இருவரும் புறப்பட்டு வந்திருந்தோம். ஊர் சுற்றிப் பார்ப்பதைத் தவிர எங்களுக்கு அங்கே ஒரே ஒரு காரியம் இருந்தது. அது நம் தாயார் இட்ட காரியம். புறப்படும்போது அம்மா எங்களிடம், "அந்த ஊரிலே சோப்பு பிரசித்தம் என்கிறார்களே? கொழுப்புச் சேராததாக இருந்தால் ஒரு கட்டி வாங்கி வாருங்கள். இல்லாவிட்டால் வேண்டாம்," என்று சொல்லியிருந்தாள்.

பாட்டியின் ஆட்சேபம்

அம்மாவின் நிபந்தனைக்குப் பின்னால் ஒரு குடும்ப சரித்திரம் இருக்கிறது. பண்ணுருட்டிக்கு அருகில் ஒரு கிராமம் நம்முடையது, சைவக் குடும்பம். நம் பாட்டி உயிரோடு இருந்த காலம் முழுவதும் சவுக்காரத்தைத் தொட்டதில்லை. தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயற்றம்மாவு, துணிக்கு உவர்மண். கடையில் விற்கும் சோப்பில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்பது அவள் கட்சி. வீட்டில் மற்றவர்கள் வாங்கிவந்த சோப்புக் கட்டி கிணற்றடியோடு நிற்க வேண்டும். நடை தாண்டி உள்ளே வரக் கூடாது. சிறு பிராயத்தில் நாம் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. பிற்பாடு இரசாயனம் படித்தபோதுதான் பாட்டியின் சந்தேகம் ஆதாரமற்றதல்ல என்று தெரிந்தது. சீமைச் சோப்புக்கு நெடுங்காலம் முக்கியமான மூலப்பொருளாக இருந்தது, ஆடு மாடுகளின் கொழுப்பை உருக்கி எடுத்த நெய்தான்.

அதே பாட்டி வேறொரு கதையும் சொல்லுவாள். அவளுடைய தகப்பனார் காலத்தில் அறுவடை முடிந்ததும் மல்லாட்டை மூட்டைகள் வண்டி வண்டியாகப் புதுவைக்குப் போகுமாம். மணிலாக்கொட்டை என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை ஆயிற்று, வேர்க்கடலையைச் சொல்கிறோம். "புதுவையிலிருந்து எங்கே போகும், பாட்டி?" என்று கேட்டால், "கப்பலுக்குப் போகும்," என்பாள். கப்பல் எங்கே போயிற்று என்பது அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவளுக்கு ஏற்படவில்லை.

கப்பல் வந்து சேர்ந்த இடம்

மறுநாள் காலையில் மைத்துனர் எங்களைப் பழைய துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றார். ஊருக்குள்ளே கடல் நுழைந்து குளம் போல நிற்கிறது. மீன்காரர்கள் கரையில் பலகை போட்டு மீன் விற்கிறார்கள். குன்றின் உச்சியில் மாதா கோயில் கோபுரம் பளபளவென்று தெரிகிறது. இன்று இந்தப் பழைய துறையில் உல்லாசப் படகுகளே மிகுதி. பெரிய கப்பல்கள் வடக்கே புதுத் துறைகளுக்குப் போய்விட்டன.

"மாப்பிள்ளை, உங்கள் பாட்டி சொன்ன கப்பல் இந்த ஊருக்குத்தான் வந்தது," என்றார் மைத்துனர்.

நாம் சற்றுத் திகைத்து நின்றோம். பிறகு யோசித்துப் பார்த்தால், பாடப் புத்தகங்களிலும் பழைய ஜில்லா ஏடுகளிலும் தனித்தனியாகப் படித்திருந்த செய்திகள் ஒன்றோடொன்று வந்து பொருந்தின. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் பாதை போட்டார்கள். தென்னார்க்காட்டுச் செம்மண் நிலங்களில் வேர்க்கடலைப் பயிர் பரவியது. அந்தக் கடலையில் பெரும் பங்கு புதுவைத் துறையில் கப்பலேறி மார்ஸேல்ஸ் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று.

எதற்காகப் போயிற்று என்பதுதான் வேடிக்கை. நம் நாட்டுக் கடலையை ஓட்டோடு ஏற்றினால் கப்பலில் இடம் அதிகம் பிடிக்கும். ஆகையால் ஓட்டை உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். ஓடு எளிதில் உடைவதற்காக நீரில் நனைத்து உடைப்பது அந்நாளைய வழக்கம். நனைந்த பருப்பு நீண்ட கடற்பிரயாணத்தில் காறிப்போகும். காறிய பருப்பின் எண்ணெய் பிரெஞ்சுக்காரர் சமையலுக்கு உதவாது. சோப்புக் கொப்பரைக்கு உதவும். ஆகவே பாட்டியின் தகப்பனார் விளைவித்த மல்லாட்டை இங்கே சவுக்காரமாக மாறியிருக்க நியாயம் உண்டு. எந்த வஸ்துவைப் பாட்டி நடை தாண்ட விடவில்லையோ, அதற்கு வேண்டிய எண்ணெய் அவள் பிறந்த வீட்டுக் களத்திலிருந்தே புறப்பட்டிருக்கிறது!

இந்த யோசனையில் நாம் ஆழ்ந்திருந்தபோது நம் இல்லாள் காரியத்தில் கண்ணாயிருந்தாள். துறைமுகத்துக்கு அருகில் ஒரு தெருக்கடை. அங்கே மஞ்சள், ஊதா, ரோஜா, பச்சை என்று பல நிறங்களில் சோப்புக் கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 'மார்ஸேல்ஸ் சோப்பு' என்று அச்சு. லாவெண்டர் மணம் தெரு முழுவதும் வீசிற்று. அவள் அம்மாவுக்கு ஒன்றும், அக்கம் பக்கத்தாருக்கு ஐந்துமாக ஆறு கட்டிகள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் நமக்கும் திருப்திதான்.

கொப்பரைச் சாலையில்

ஆனாலும் செய்கிற இடத்தைப் பார்க்காமல் திரும்புவது உபாத்தியாயர் மனத்துக்கு ஒவ்வவில்லை. மைத்துனர் தம் மோட்டாரில் எங்களை ஸலோன் என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார். மார்ஸேல்ஸிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழியில் பேர் என்னும் பெரிய உப்பங்கழி. அப்பால் ஒலிவத் தோட்டங்கள். ஒலிவ மரத்தின் இலைகள் காற்றில் புரளும்போது வெள்ளி முலாம் பூசினாற்போல் மின்னுகின்றன. ஜோசியத்துக்குப் பெயர்போன நோஸ்ட்ரடாமஸ் தம் கடைசிக் காலத்தைக் கழித்து 1566-ல் காலமானது இந்த ஸலோனில்தான். ஊர் நடுவில் பாசி மூடிப் பச்சைக் குன்று போல் நிற்கும் ஒரு நீரூற்று இருக்கிறது. பழைய சோப்பு வியாபாரிகள் கட்டிய மாளிகைகள் இன்னும் நிற்கின்றன. எண்ணெயும் காரமும் எவ்வளவு பணத்தைக் குவித்தன என்பதற்கு அவையே சாட்சி.

அங்கே 1900-ல் மாரியுஸ் ஃபாப்ர் என்பவர் தொடங்கிய சோப்புச் சாலை இன்றும் அவருடைய வம்சத்தார் கையிலேயே நடக்கிறது. பக்கத்தில் ஒரு காட்சிசாலையும் வைத்திருக்கிறார்கள். ஓர் இளம் பெண் எங்களுக்குச் சுற்றிக் காட்டினாள். அவள் பேசியதை மைத்துனர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் எட்டியது மணம். தெருக்கடையில் வீசிய லாவெண்டர் மணம் அல்ல; காய்ந்த எண்ணெயும் ஈரச் சுவரும் கலந்தாற்போன்ற ஒரு வாடை. அடுத்தபடி தெரிந்தவை கொப்பரைகள். திருக்கலியாணச் சமையலில் கூட அவ்வளவு பெரிய கொப்பரையை நாம் கண்டதில்லை. ஆள் விழுந்தால் முழுகிப்போவான்.

சோப்புச் செய்யும் முறை ஐந்து படிகள் கொண்டது. முதலில் எண்ணெயையும் காரநீரையும் கொப்பரையில் விட்டுக் காய்ச்சுகிறார்கள். ஒட்டாத இரண்டும் மெல்ல மெல்ல ஒன்று கலந்து கூழாகின்றன. இரண்டாவதாக உப்பு நீர் விடுகிறார்கள். மோரைக் கடைந்தால் வெண்ணெய் மிதப்பது போல, சோப்பு உப்பு நீரின் மேலே திரண்டு மிதக்கிறது. மிஞ்சிய காரமும், எண்ணெயிலிருந்து பிரிந்த கிளிசரினும் கீழே தங்குகின்றன. அவற்றை வடித்துவிடுகிறார்கள். மூன்றாவது, புதிதாகக் காரம் சேர்த்து, ஒரு துளி எண்ணெய்கூட மாறாமல் எஞ்சாதபடி நாள்கணக்கில் காய்ச்சுவது. நான்காவது, திரும்பத் திரும்ப உப்பு நீரில் கழுவுவது. ஐந்தாவது, நல்ல தண்ணீர் விட்டு அசையாமல் தெளியவிடுவது. இவ்வளவுக்கும் சுமார் பத்து நாள் செல்லும்.

காரத்தின் அளவில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. ஒரு கிலோ ஒலிவ எண்ணெய் சோப்பாக மாறுவதற்குச் சுமார் 134 கிராம் காரம் வேண்டும். அதே அளவு தேங்காயெண்ணெய்க்குச் சுமார் 183 கிராம். குறைந்தால் எண்ணெய் மிஞ்சிக் காறும். கூடினால் தோலை அரிக்கும். ஆகையால் இங்கே மூத்த தொழிலாளி ஒரு பழைய பரீட்சை வைத்திருக்கிறார். கடைசியில் சோப்பைத் துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். 'கடித்தால்' காரம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடியும் கழுவ வேண்டும். கடிக்காவிட்டால் பக்குவம். முடிந்த கட்டியிலிருந்து ஒரு சீவலை நமக்கும் கொடுத்தார்கள். நுனி நாக்கில் வைத்தோம். கடிக்கவில்லை, ஆனால் இரண்டாந் தடவை கேட்டு வாங்கத்தக்க ருசி என்றும் சொல்வதற்கில்லை.

பக்குவமான கூழைத் தரையில் கட்டிய ஆழமற்ற தொட்டிகளில் ஊற்றுகிறார்கள். இரண்டு நாளில் இறுகுகிறது. அறுத்து, துண்டமிட்டு, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துகிறார்கள். வடக்கேயிருந்து மிஸ்திரால் என்று ஒரு காற்று இந்தப் பிரதேசத்தில் வீசும். அது தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும். சோப்பை உலர்த்தியும் கொடுக்கும். கடைசியில் கட்டியின் ஆறு பக்கங்களிலும் முத்திரை குத்துகிறார்கள். ஒலிவ எண்ணெய் சேர்ந்தது பச்சைக் கட்டி. தேங்காயெண்ணெய், செம்பனை எண்ணெய் சேர்ந்தது வெள்ளைக் கட்டி. பச்சை நிறம் எண்ணெயின் சொந்த நிறம், சாயம் அல்ல.

முத்திரையில் '72%' என்ற எண் இருந்தது. உலர்ந்த கட்டியில் நூற்றுக்கு 72 பங்கு எண்ணெய்ச் சத்து இருக்கிறது என்பதற்கு அடையாளம். நம் ஊர்ச் சோப்பு உறையிலும் 'டி.எஃப்.எம்.' என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அதுவும் இதே கணக்குத்தான். நம் நாட்டுத் தர விதிப்படி குளியல் சோப்பு முதல் தரமானால் 76, இரண்டாந் தரமானால் 70, மூன்றாந் தரமானால் 60-க்குக் குறையக் கூடாது.

அரசன் போட்ட உத்தரவு

காட்சிசாலைச் சுவரில் 1688 என்ற வருஷத்தைக் காட்டி அந்தப் பெண் ஒரு செய்தி சொன்னாள். அதைக் கேட்டதும் நம் பாட்டி உயிரோடு இல்லையே என்று ஏங்கினோம். அந்த வருஷம் பதினான்காம் லூயி அரசன், சோப்பில் மிருகக் கொழுப்புச் சேர்க்கக் கூடாது, ஒலிவ எண்ணெய் மட்டுமே சேர்க்க வேண்டும் என்று உத்தரவு பிறப்பித்திருக்கிறான். மீறினால் சரக்கு பறிமுதல். கோடை மூன்று மாதமும் கொப்பரை ஏற்றக் கூடாது. வெயிலில் பக்குவம் கெடும் என்பது காரணம். இதை மந்திரி கோல்பேர் போட்ட சட்டம் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். கோல்பேர் 1683-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயர் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டது.

அரசன் சைவன் அல்ல. ஆசாரத்துக்காக அவன் இதைச் செய்யவில்லை. சரக்கின் தரத்தைக் காப்பாற்றி, வியாபாரத்தின் பெயரைக் காப்பாற்றச் செய்தான். பாட்டி ஆசாரத்துக்காகக் கேட்டதை அரசன் லாபத்துக்காகக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் சட்டம் ஒன்று நின்று காத்ததால்தான் அந்தச் சரக்குக்கு ஊர்ப் பெயரே முத்திரையாயிற்று. 1812-ல் நெப்போலியன், மார்ஸேல்ஸ் ஒலிவ எண்ணெய்ச் சோப்புக்கென்று ஐங்கோண முத்திரை ஒன்றை வகுத்தான்.

காரத்தின் கதையும் ருசிகரமானது. உப்புச் சதுப்பில் வளரும் பூண்டுகளை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்துதான் ஆதியில் காரம் எடுத்தார்கள். நம் கடற்கரையில் வளரும் உமரிக்கு அவை உறவு. ரோன் நதி முகத்திலுள்ள கமார்க் சதுப்புகளில் அவற்றை இன்றும் பார்க்கலாம். 1791-ல் நிக்கோலா லெப்லான் என்பவர் கடலுப்பிலிருந்தே சோடாக் காரம் எடுக்கும் வழிக்கு உரிமை பெற்றார். அதனால் சோப்புத் தொழில் பெருகிற்று. புரட்சியின்போது அவருடைய ஆலை பறிபோயிற்று; 1806-ல் அவர் வறுமையில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒலிவ எண்ணெய் மட்டும் போதவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கடலையும் செம்பனையும், கீழ்த்திசையிலிருந்து கொப்பரைத் தேங்காயும், புதுவையிலிருந்து நம் மல்லாட்டையும் வந்து இறங்கின. 1924-ல் மார்ஸேல்ஸ், ஸலோன் வட்டாரத்தில் 132 சோப்புச் சாலைகள் இருந்தனவாம். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் சலவைப் பொடிகளும் சலவை யந்திரமும் வந்தன. இப்போது பழைய முறையில் கொப்பரை ஏற்றுகிற சாலைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பெயரும் பொருளும்

இவ்வளவும் கேட்ட பிறகு நம் இல்லாள் பெருமிதத்தோடு பையைத் திறந்து, முதல் நாள் வாங்கிய ஊதாக் கட்டியை அந்தப் பெண்ணிடம் காட்டினாள். அவள் அதை வாங்கிப் பின்புறத்துச் சிறிய எழுத்துக்களைப் படித்தாள். ஒன்றும் பேசாமல் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். 'சோடியம் டாலோவேட்.'

நமக்கு இரசாயனம் கொஞ்சம் தெரியும். டாலோ என்றால் உருக்கிய மாட்டுக் கொழுப்பு, அல்லது ஆட்டுக் கொழுப்பு. அது காரத்தோடு சேர்ந்தால் வருவது டாலோவேட். 'மார்ஸேல்ஸ் சோப்பு' என்று நெற்றியில் அச்சிட்ட கட்டிக்குள், 1688-ல் அரசன் எதை விலக்கினானோ அது இருந்தது. பாட்டி எதை நடை தாண்ட விடவில்லையோ அதை அம்மாவின் பூஜைத் துணிக்கென்று எட்டாயிரம் கிலோமீட்டர் சுமந்துகொண்டு போக இருந்தோம்!

"அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?" என்றாள் இல்லாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அம்மா கேட்டிருக்கவே மாட்டாள். நம் வார்த்தையை நம்பியிருப்பாள்," என்றோம். சொன்ன பிறகுதான் அதுவே அதிகக் கஷ்டமாக இருந்தது.

விஷயம் இதுதான். மார்ஸேல்ஸ் சோப்பு என்பது ஒரு முறையின் பெயராக நின்றுவிட்டது. ஊரின் உரிமையாக நிற்கவில்லை. எங்கேயோ செய்த சோப்புச் சீவல்களை மூட்டையாக வாங்கி, யந்திரத்தில் அழுத்தி, சாயமும் மணமும் ஏற்றி, இந்தப் பெயரை அச்சிட்டு விற்கலாம், விற்கிறார்கள். 2011-ல் பழைய முறைச் சாலைகள் நான்கு ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தன. கொப்பரையில் காய்ச்ச வேண்டும், தாவர எண்ணெய் மட்டுமே சேர்க்க வேண்டும், மணமும் சாயமும் கூடாது, இந்தப் பிரதேசத்திலேயே செய்ய வேண்டும் என்பவை அவர்கள் நியமங்கள். 2014-ல் பிரான்ஸில் கைத்தொழில் சரக்குகளுக்கும் ஊர்ப் பெயர் உரிமை தரச் சட்டம் வந்தபோது, எது உண்மையான மார்ஸேல்ஸ் சோப்பு என்பதில் உற்பத்தியாளர்களுக்குள்ளேயே பிளவு கண்டது. ராஜமுத்திரை போன பிறகு பெயர் அநாதையாயிற்று.

இந்தச் சோப்பினால் என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கலாம். அதிகமாகச் சொல்லி மயக்க நமக்கு விருப்பமில்லை. எந்தச் சோப்பும் அழுக்கைப் போக்குவது ஒரே விதமாகத்தான். அதன் ஒரு முனை தண்ணீருக்குச் சிநேகம், மறு முனை எண்ணெய்க்குச் சிநேகம். சம்பந்தம் பேச வந்த தரகர் போல இரு தரப்பையும் பிடித்துக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு அனுப்பிவிடும். தாவர எண்ணெயில் செய்தது என்பதற்காக அது சொறி சிரங்கைத் தீர்க்காது. காரத்தன்மை அதற்கும் உண்டு. வறண்ட தோலை மேலும் வறட்டக்கூடும். உப்புக் கிணற்று நீரில் நுரைக்காமல் திப்பி கட்டும். தோலுக்கு இதமான கிளிசரின் கூட இந்த முறையில் உப்பு நீரோடு போய்விடுகிறது.

ஆனால் நிச்சயமான நன்மைகளும் உண்டு. மணப்பொருள் சேராததால், வாசனைத் திரவியம் ஒவ்வாத தோலுக்குத் தொல்லை குறைவு. கழுவிய நீர் மண்ணில் சேர்ந்தால் சோப்பு எளிதில் மக்கிப் போகும். எண்ணெய்க்கு ஏற்ற குணமும் உண்டு. ஒலிவ எண்ணெய்ச் சோப்பு மென்மையானது, நுரை குறைவு. தேங்காயெண்ணெய்ச் சோப்பு கெட்டியானது, கடல் நீரில் கூட நுரைக்கும். எல்லாவற்றையும்விட, உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாலு சொல்லில் சொல்லிவிடலாம். ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

புறப்படும் முன் மணமும் நிறமும் இல்லாத பச்சைக் கட்டி ஒன்றை வாங்கினோம். பார்வைக்குச் செங்கல் துண்டு மாதிரி இருந்தது.

ஊர் திரும்பிய பின்

அம்மாவிடம் கட்டியைக் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். ஊதாக் கட்டிகளின் கதையையும் சொன்னோம். அம்மா பச்சைக் கட்டியை முகர்ந்து பார்த்தாள். "எண்ணெய் வாடைதான் அடிக்கிறது," என்றாள். பூஜை வஸ்திரத்தைக் கிணற்றடியில் துவைத்துக் கொடியில் உலர்த்தினாள். நன்றாக வெளுத்திருந்தது. நம் வீட்டுச் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு சவுக்காரக் கட்டி நடை தாண்டி உள்ளே போயிற்று.

பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "எண்ணெயும் காரமும்தானே? நம் ஊர்ச் செக்கில் எண்ணெய் இல்லையா? இதற்கு அவ்வளவு தூரம் போவானேன்?"

அந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் முன்பே இதைக் கேட்டுச் செய்து காட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். 1914-ல் அக்காலத்துச் சென்னை அரசாங்கம் கோழிக்கோட்டில் சோப்புச் சாலை ஒன்றை ஏற்படுத்தியது. மலையாளத்துத் தேங்காயெண்ணெய்க்கு அருகிலேயே தொழில் நடக்கட்டும் என்பது பொருத்தமான யோசனை. 1918-ல் மைசூர் அரசாங்கம் தன் காட்டுச் சந்தன எண்ணெயைச் சேர்த்துச் சோப்புச் செய்யத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. பருப்பாகப் போய்க் கட்டியாகத் திரும்பும் வியாபாரத்தில் நஷ்டம் யாருக்கு என்பதை மல்லாட்டை விளைவித்தவர்களின் பேரப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் ஊரில் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் சுத்தமாகிவிடாது. மார்ஸேல்ஸே அதற்கு அத்தாட்சி. சுதேசிப் பெயருக்கும் காவல் வேண்டும். இன்று நம்மிடம் இருக்கும் காவல் உறையின் பின்புறத்துச் சிறிய எழுத்துக்கள்தான். டி.எஃப்.எம். எண் எவ்வளவு சத்து என்று சொல்லும். எதிலிருந்து வந்தது என்று சொல்லாது. டாலோவேட் என்றால் கொழுப்பு. ஒலிவேட் என்றால் ஒலிவம். கோகோவேட் என்றால் தேங்காய். பாமேட் என்றால் செம்பனை. நாலு சொல்; எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே பீரியடில் கற்றுக்கொண்டார்கள். சோப்பு வாங்கும் முன் உறையைத் திருப்பிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் வீட்டுப் பாடமாகக் கொடுத்தோம். சோப்புக் காய்ச்சக் கொடுக்கவில்லை. அந்தக் காரம் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும்.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆகையால் அவள் எல்லாக் கட்டிகளையும் கிணற்றடியிலேயே நிறுத்திவிட்டாள். படிக்கத் தெரிந்த நாம் ஆறு கட்டிகளைப் படிக்காமலே வாங்கிவிட்டோம்.